மன்னிப்பு எந்த ஊர்ல இருந்து வரும்?

எங்க பக்கத்துல நெல்லுக்கும் உப்புக்கும் நடுவுல ஒரு கால்வாய்தான் தூரம். பக்கிங்காம் கால்வாய்க்கு மேற்கே ஏரி, வயல், கிணத்துப் பாசனம். கரையோரம் போகப் போக உப்பளம், சவுக்குத் தோப்பு, அப்புறம் கடல். ஈ.சி.ஆர்ல காரில் போறவங்க கண்ணுக்குக் கேளம்பாக்கம், கோவளம் பக்கத்து உப்புக் குவியல் வெள்ளையாத் தெரியும். போட்டோ எடுத்துக்கிட்டு மாமல்லபுரம் போயிடுவாங்க. அந்த உப்புக்குப் பின்னாடி ஒரு காலத்துல துப்பாக்கியும் காவலும் ஜெயிலும் இருந்துச்சுன்னு சொன்னா நம்ப மாட்டாங்க.

1805ல மதராஸ் மாகாணத்துல உப்பைக் கம்பெனி தன்னோட ஏகபோகம் ஆக்கிக்கிச்சு. அதுக்கப்புறம் நம்ம மண்ணுல விளையுற உப்பை நாமளே அள்ளினா குற்றம். உப்பு இலாகான்னு தனி இலாகா, தனி இன்ஸ்பெக்டர், தனி காவல். 1930ல காந்தி தண்டிக்குப் போனதும், ராஜாஜி திருச்சியில இருந்து வேதாரண்யத்துக்கு நடந்ததும் பள்ளிக்கூடப் பாடத்துலயே இருக்கு. பாடத்துல அவ்வளவா இல்லாதது 1942ல குலசேகரன்பட்டினம் உப்பளத்துல நடந்தது. திருச்செந்தூருக்குத் தெற்கே இருக்கிற அதே கடலோர ஊர்தான். இப்ப ராக்கெட் தளத்துக்காகச் செய்தியில அடிபடுது.

அந்த வழக்கையும், அதே காலத்துல அதே மாகாணத்துல நடந்த இன்னும் ரெண்டு வழக்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன். மூணுமே தூக்குத் தண்டனை வழக்கு. மூணுலயும் கடைசிக் கேள்வி ஒண்ணுதான்: உயிர்ப்பிச்சை கொடுக்கலாமா, வேண்டாமா? ரெண்டு வழக்குல கொடுக்கல. ஒண்ணுல கொடுத்தாங்க. அந்த வித்தியாசத்தைப் பத்திதான் இந்தப் பதிவு.

முதல்ல, மன்னிக்கிற அதிகாரம் யார்கிட்ட இருந்து யார்கிட்ட போச்சுன்னு கொஞ்சம் பார்த்துடலாம்.

ஊரை விட்டுப் போன அதிகாரம்

1639ல தாமர்ல வேங்கடப்ப நாயக்கர் கிட்ட அனுமதி வாங்கித்தான் இங்கிலீஷ்காரங்க மதராசுல கால் வெச்சாங்க. கோட்டை எழும்பின கொஞ்ச வருஷத்துலயே அங்க ஒரு கொலை நடந்துச்சு. கொன்னது இந்த நாட்டு ஆளுங்க. அவங்களைத் தண்டிக்கத் தங்களுக்கு அதிகாரம் இருக்கான்னு அப்ப கம்பெனிக்காரங்களுக்கே தெரியல. நாயக்கரைக் கேட்டாங்க. உங்க சட்டப்படியே செய்யுங்கன்னு அவர் சொன்ன பிறகுதான் தூக்குல போட்டாங்க. பின்னால இந்தியா பூராவும் தூக்குமரம் நட்டவங்க, முதல்ல ஒரு நாயக்கர் உத்தரவுக்குக் காத்துக்கிட்டு இருந்தாங்க.

1763ல ஆற்காடு நவாப் கிட்ட இருந்து செங்கல்பட்டுச் சீமையே ஜாகிரா கம்பெனி கைக்கு வந்துச்சு. மதராசுக்கு வெளியே கம்பெனி ஆளப் பழகினது நம்ம மண்ணுலதான். 1802ல ஃபௌஜ்தாரி அதாலத்னு மாகாணத்துக்கு மேல் குற்றவியல் கோர்ட் வந்துச்சு. அங்க அடிப்படையா எடுத்துக்கிட்டது நவாப் காலத்து முஸ்லிம் சட்டம். அந்தச் சட்டத்துல ஒரு விஷயம் இருந்துச்சு. கொலையானவரோட வாரிசு மன்னிச்சாலோ, இழப்பீடு வாங்கிக்கிட்டாலோ கொன்னவனுக்குப் பழிக்குப் பழின்னு மரண தண்டனை கிடையாது. கார்ன்வாலிஸ் காலத்துல, 1790கள்ல, வங்காளத்துல இதை எடுத்துட்டாங்க. கொலை குடும்பத்துக்கு எதிரான குற்றம் இல்ல, அரசுக்கு எதிரான குற்றம்னு சொன்னாங்க. பின்னால இங்கயும் அதே வழிதான்.

இதுல நியாயம் இல்லைன்னு சொல்ல முடியாது. பணக்காரன் ஏழையைக் கொன்னுட்டு, வாரிசை மிரட்டி மன்னிப்பு வாங்கிடலாம். அதைத் தடுக்கணும்தான். ஆனா அதோட சேர்ந்து இன்னொண்ணும் நடந்துச்சு. பறிகொடுத்த வீட்டுத் திண்ணையில இருந்த மன்னிப்பு அரசாங்க ஃபைலுக்குள்ள போச்சு.

1860ல இந்தியத் தண்டனைச் சட்டம். கொலைக்கு மரணம், இல்லைன்னா ஆயுள் முழுக்க நாடுகடத்தல். நம்ம ஊர்ப் பெரியவங்க தீவாந்தர சிட்சைன்னு சொல்வாங்களே, அதுதான். 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல ஒரு வரி இருந்துச்சு. கொலைக் குற்றம் நிரூபணமாகி, ஜட்ஜ் தூக்கு கொடுக்காம விட்டா, ஏன் கொடுக்கலன்னு காரணம் எழுதணும். தூக்கு கொடுத்தா அப்படித் தனியாக் காரணம் எழுத வேண்டியதில்ல. உயிரை எடுக்கிறதுதான் வழக்கம், விட்டுவைக்கிறதுக்குத்தான் விளக்கம் வேணும். 1955 வரைக்கும் இந்த வரி அப்படியே இருந்துச்சு. 1973ல வந்த சட்டம்தான் இதைத் தலைகீழா மாத்தி, தூக்கு கொடுத்தா விசேஷக் காரணம் எழுதணும்னு சொன்னது.

திருக்கழுக்குன்றத்துல ஒரு கொலை நடந்து கொன்னவனுக்குத் தூக்குன்னு வெச்சுக்குங்க. செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட் தீர்ப்பு மட்டும் போதாது. ஐகோர்ட் உறுதி பண்ணணும். அதுக்கப்புறம் ஜெயில்ல கைதிகிட்ட விஷயத்தைச் சொல்லி, கருணை மனு போடறியான்னு கேட்பாங்க. மனு முதல்ல ஜார்ஜ் கோட்டையில கவர்னருக்குப் போகும். அங்க தள்ளுபடியானா டெல்லியில வைஸ்ராய். அதுக்கும் மேல லண்டன்ல ராஜா. இடையில பிரிவி கவுன்சில்ல அப்பீலுக்குத் தனி அனுமதி கேட்கலாம். நாட்டுப்புறத்து ஆளுக்குச் செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் போறதே ஒரு நாள் கூலி நஷ்டம். லண்டனுக்கு அவன் குரல் எப்படிப் போகும்? அவனுக்காக யாராவது பேசினாத்தான் உண்டு.

கோர்ட்டாவது தீர்ப்புல காரணம் எழுதும். கருணை மனுவுல கவர்னரோ வைஸ்ராயோ காரணம் சொல்ல வேண்டியதில்ல. "தலையிட விரும்பவில்லை"ங்கிற மாதிரி ஒரு வரி வரும். அவ்வளவுதான்.

கையூர்: ஆத்தோரம் ஒரு சாவு

1939 அக்டோபர்ல ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா பண்ணினதுல இருந்து 1946 ஏப்ரல் கடைசி வரைக்கும் மதராஸ் மாகாணத்துல மக்கள் தேர்ந்தெடுத்த மந்திரிசபை கிடையாது. எல்லாம் கவர்னர் கையில. 1940ல வந்து 1946 பிப்ரவரி வரை இருந்த கவர்னர் சர் ஆர்தர் ஹோப். நான் சொல்லப் போற மூணு வழக்கும் பெரும்பாலும் அவர் காலத்துல ஓடினதுதான்.

கையூர் இப்ப கேரளாவுல காசர்கோடு மாவட்டம். அப்ப மதராஸ் மாகாணத்துத் தென்கனரா ஜில்லா. அங்க குத்தகை விவசாயிகள் சங்கம் கட்டி, ஜமீன்தார்கள் வாங்கின அநியாய வசூலை எதிர்த்தாங்க. 1941 மார்ச்ல போலீஸ் ராத்திரியில வீடு புகுந்து சிலரைப் பிடிச்சுக்கிட்டுப் போச்சு. மார்ச் 28ல கண்டன ஊர்வலம். வழியில சுப்பராயன்ங்கிற கான்ஸ்டபிள் கூட்டத்துல மாட்டிக்கிட்டார். கையில செங்கொடியைக் கொடுத்து ஊர்வலத்தோட நடக்க வெச்சாங்க. அவர் தப்பிக்கப் பார்த்து ஆத்துல குதிச்சார். கல் வீசினாங்க. அவர் கரையேறல.

61 பேர் மேல வழக்கு. அதுல ஒருத்தர், பின்னாடி கேரள முதல்வரான ஈ.கே. நாயனார். தலைமறைவா இருந்ததால தப்பிச்சார். 1942 பிப்ரவரியில மங்களூர் செஷன்ஸ் கோர்ட் அஞ்சு பேருக்குத் தூக்கு கொடுத்துச்சு. மடத்தில் அப்பு, கோயித்தாட்டில் சிருகண்டன், பொடோரா குஞ்ஞம்பு நாயர், பள்ளிக்கல் அபூபக்கர், சூரிக்காடன் கிருஷ்ணன் நாயர். கிருஷ்ணன் நாயர் வயசு வராத பையன்னு தூக்குல இருந்து தப்பினார். மத்த நாலு பேருக்காக மனு மேல மனு போச்சு. லண்டன்ல இருந்த அனுதாபிகளும் குரல் கொடுத்தாங்க. ஒண்ணும் நடக்கல. 1943 மார்ச் 29 விடியக்காலை கண்ணூர் ஜெயில்ல நாலு பேரையும் தூக்குல போட்டாங்க.

அப்ப நேரம் எப்படி இருந்துச்சுன்னு நினைச்சுப் பாருங்க. 1942 ஏப்ரல்ல ஜப்பான்காரன் விசாகப்பட்டினத்துலயும் காக்கிநாடாவுலயும் குண்டு போட்டான். மதராஸ் பட்டணமே காலியாச்சு. எங்க பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் மாட்டு வண்டியில சட்டிபானையோட ஜனங்க வந்து இறங்கினதைப் பத்திப் பெரியவங்க பேசறதை நான் சின்ன வயசுல கேட்டிருக்கேன். ஆகஸ்ட்ல வெள்ளையனே வெளியேறு. பயந்து போயிருந்த அரசாங்கத்துக்கு, போலீஸ்காரன் சாவுல இரக்கம் காட்டுற மனசு இல்ல. யுத்தத்துல இங்கிலீஷ்காரனுக்கு ஆதரவுன்னு கம்யூனிஸ்ட் கட்சி அப்ப நிலை எடுத்திருந்துச்சு. கட்சி மேல இருந்த தடையும் 1942லயே நீங்கிடுச்சு. அதுகூட இந்த நாலு பேரைக் காப்பாத்தல.

செத்துப்போன சுப்பராயனும் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஆள்தான். அவர் வீட்டுலயும் அடுப்பு அணைஞ்சிருக்கும். அதை விட்டுட்டுப் பேசினா கதை முழுசாகாது.

குலசேகரன்பட்டினம்: உப்பளத்துல ஒரு கொலை

1942 செப்டம்பர். தலைவர்கள் எல்லாம் ஜெயில்ல. திருநெல்வேலி ஜில்லாவுல இளைஞர் கூட்டம் ஒண்ணு குலசேகரன்பட்டினம் உப்பளத்துக்குள்ள புகுந்துச்சு. உப்பு இலாகா காவல்கிட்ட இருந்த ஆயுதங்களைப் பறிக்கிறது நோக்கம். அந்த மோதல்ல லோன்ங்கிற உதவி இன்ஸ்பெக்டர் கொல்லப்பட்டார். இதைத்தான் லோன் கொலை வழக்குன்னு சொல்றாங்க. பலருக்குச் சிறை. காசிராஜன், ராஜகோபாலன் ரெண்டு பேருக்குத் தூக்கு.

கையூர்ல செத்தது இந்தியக் கான்ஸ்டபிள். இங்க செத்தது இங்கிலீஷ் பேர் உள்ள அதிகாரி. அங்க நடந்தது ஊர்வலத்துல வெடிச்ச கலவரம். இங்க ஆயுதம் எடுக்கணும்னே போயிருக்காங்க. அரசாங்கத்தோட கணக்குல பார்த்தா இதுதான் பெரிய குற்றம். நியாயமா இவங்களைத்தான் முதல்ல தூக்குல போட்டிருக்கணும்.

ஆனா போடல. வழக்கு கோர்ட் கோர்ட்டா ஏறி லண்டன் வரைக்கும் போச்சு. ராஜாஜி மாதிரி, கவர்னரும் வைஸ்ராயும் காது கொடுத்துக் கேட்கிற தலைவர்கள் இவங்களுக்காகப் பேசினாங்க. கடைசியில தூக்கு ஆயுள் தண்டனையாச்சு. 1946ல வெளியே வந்துட்டாங்க. ராஜகோபாலனுக்குத் தூக்குமேடை ராஜகோபால்ங்கிற பேரே நிலைச்சுப் போச்சு. மேடை வரைக்கும் போய்த் திரும்பி வந்தவர்னு ஜனங்க வெச்ச பட்டம்.

இதே மாதிரி மத்திய மாகாணத்துல சிமூர், ஆஷ்டி ஊர்கள்ல 1942 கலவரத்துல அதிகாரிங்களும் போலீசும் கொல்லப்பட்ட வழக்கு இருந்துச்சு. அங்கயும் பலருக்குத் தூக்கு. காந்தியே விடாம எழுதினார், நாடே பேசுச்சு. 1945ல தண்டனை குறைஞ்சுது.

சின்னியம்பாளையம்: அஞ்சு நாள் வித்தியாசம்

மூணாவது வழக்கு கோயம்புத்தூர். சின்னியம்பாளையத்துல ரங்கவிலாஸ் மில். சங்கம் கட்டின தொழிலாளிகளை அடக்க அடியாட்களை இறக்கிவிட்டிருக்காங்கன்னு தொழிலாளிங்க புகார். மில் வேலைக்கு வர்ற பெண்களும் தப்பல. ஒரு கட்டத்துல அந்த அடியாட்கள்ல ஒருத்தன் கொல்லப்பட்டான். சங்கத்துல முன்னணியில நின்ன ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் நாலு பேருக்கும் தூக்கு. அப்பீல், கருணை மனு எல்லாம் தள்ளுபடி. 1946 ஜனவரி 8ல கோவை மத்திய சிறையில நாலு பேரையும் தூக்குல போட்டாங்க.

அந்தத் தேதியை மறுபடி பாருங்க. 1946 ஜனவரி 8.

அதுக்கு அஞ்சு நாள் முன்னாடி, ஜனவரி 3ல, டெல்லியில என்ன நடந்துச்சு? சுபாஷ் சந்திர போஸோட இந்திய தேசிய ராணுவத்து அதிகாரிங்க ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூணு பேர் மேல செங்கோட்டையில ராணுவ விசாரணை. ராஜாவுக்கு எதிரா யுத்தம் பண்ணினதுக்கு மூணு பேருக்கும் ஆயுள் நாடுகடத்தல்னு தீர்ப்பு. அந்தக் குற்றத்துக்குச் சட்டத்துல மரண தண்டனையே கொடுக்கலாம். ஆனா தலைமைத் தளபதி ஆக்கின்லெக் அந்த நாடுகடத்தலையே ரத்து பண்ணி மூணு பேரையும் விட்டுட்டார். அவங்களுக்கு வாதாடினவர் புலாபாய் தேசாய். ரொம்ப வருஷம் கழிச்சு நேருவும் கறுப்புக் கவுன் போட்டுக்கிட்டு வந்து நின்னார். ஊர் ஊரா ஊர்வலம். அவங்களைத் தண்டிச்சா ராணுவமே கலைஞ்சிடுமோன்னு அரசாங்கத்துக்குப் பயம்.

ராஜாவுக்கு எதிரா படை நடத்தினவங்களுக்கு விடுதலை. அஞ்சு நாள் கழிச்சு நாலு மில் தொழிலாளிக்குத் தூக்கு. ரெண்டுமே ஒரே சாம்ராஜ்யம். ஏப்ரல் கடைசியில பிரகாசம் மந்திரிசபை வந்துச்சு. இன்னும் நாலு மாசம் அந்த ஃபைல் தூங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு கேட்காம இருக்க முடியல.

அப்போ எதை வெச்சு முடிவு பண்ணினாங்க?

சிலர் இதை வெள்ளைக்காரனோட இனவெறின்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. அது மட்டும்னா லோன் வழக்குல உயிர் பிழைச்சிருக்க முடியாது. சிலர் யுத்த காலம், அதனாலதான்னு சொல்வாங்க. கையூருக்கு அது பொருந்தும். சின்னியம்பாளையத்துக்குப் பொருந்தாது. யுத்தம் 1945 ஆகஸ்ட்லயே முடிஞ்சுபோச்சு. குற்றம் எவ்வளவு கொடூரம்ங்கிறதும் அளவுகோலா இருந்த மாதிரித் தெரியல.

எனக்குப் படறது இதுதான். வெளியே யார் பேசுறாங்க, தூக்குல போட்டா நாளைக்கு யார் கிளம்புவாங்க, நாளைக்கு நாம யார் கூட உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்ங்கிற கணக்குதான் தராசுத் தட்டை சாய்ச்சிருக்கு. ஆட்சி காங்கிரஸ் கைக்கு வரப் போகுதுன்னு தெரிஞ்ச பிறகு, காங்கிரஸ் கேட்கிற உயிரை எடுக்கிறது லாபம் இல்ல. சின்னியம்பாளையத்து நாலு பேரும் செங்கொடிச் சங்கத்து ஆளுங்க. காங்கிரசுக்கும் கம்யூனிஸ்டுக்கும் 1945 கடைசியில முழுசா முறிஞ்சுபோயிருந்த நேரம் அது. அவங்களுக்காகத் தொழிலாளிங்க கத்தினாங்க. அந்தச் சத்தம் சிங்காநல்லூர் தாண்டிக் கோட்டை வரைக்கும் கேட்டிருக்கலாம். கோட்டைக்குள்ள உட்கார்ந்து எடுத்துச் சொல்ல ஆள் இல்ல.

ஆக, கருணைன்னு பேர் வெச்சிருந்தாங்களே தவிர, அது வேளாண் கடன் தள்ளுபடி மாதிரிதான். யாருக்குத் தேவைங்கிறதை விட, யார் கேட்டா மறுக்க முடியாதுங்கிறதைப் பொறுத்து வந்துச்சு. கோர்ட் தப்புப் பண்ணினா மேல் கோர்ட் இருக்கு. ஃபைல் தப்புப் பண்ணினா கேட்கிறதுக்கு இடம் இல்லை, ஏன்னா அது காரணமே எழுதல.

நம்ம ஜனங்களுக்கு இது புதுசு இல்ல. காத்தவராயனைக் கழுவுல ஏத்தினாங்க, மதுரை வீரனை மாறுகால் மாறுகை வாங்கினாங்கன்னு கதை சொல்லி, அவங்களையே சாமியாக்கிக் கும்பிடுற ஊர் நம்மளுது. ராஜா தண்டிச்ச ஆளை எல்லாம் ஊர் குற்றவாளின்னு ஒத்துக்கிடல. உயிரோட இருக்கும்போது கிடைக்காத மன்னிப்பை, செத்த பிறகு படையல் போட்டுக் கொடுத்தாங்க. கையூரும் சின்னியம்பாளையமும் வருஷா வருஷம் தியாகிகள் தினம் கொண்டாடுறதும் எனக்கு அந்த வரிசையிலதான் தெரியுது.

சுதந்திரம் வந்து சட்டம் மாறிச்சு. 1980ல சுப்ரீம் கோர்ட், அரிதிலும் அரிதான வழக்குலதான் தூக்குன்னு சொல்லிடுச்சு. ஆனா கவர்னர், வைஸ்ராய் கையில இருந்த அந்தப் பேனா அரசியல் சட்டத்தோட 161வது, 72வது பிரிவா கவர்னர், ஜனாதிபதி கையில அப்படியே இருக்கு. 2014ல சுப்ரீம் கோர்ட், கருணை மனுவை வருஷக்கணக்கா காரணமில்லாம இழுத்தடிச்சா அதுவே தண்டனையைக் குறைக்கப் போதுமான காரணம்னு சொன்னது ஒரு பெரிய படி. 2016ல டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் தூக்குக் கைதிகளைச் சந்திச்சு ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. அவங்கள்ல ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் பொருளாதாரத்துல நலிஞ்ச குடும்பம். குரல் இல்லாதவன் தலைக்குத்தான் கயிறு சீக்கிரம் எட்டுதுங்கிறது பழைய கணக்குதான், இன்னும் மாறல.

அதனால பட்டணத்து நண்பர்களுக்கு ஒண்ணு சொல்றேன். ஏதாவது கொடூரமான கொலைச் செய்தி வந்ததும், "இவனைத் தூக்குல போடணும்"னு நாமும் ஒரு வரி எழுதிடறோம். எழுதறதுக்கு முன்னாடி, அந்த ஆளுக்காகப் பேச யார் இருக்காங்கன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. பேச ஆள் இருக்கிறவன் எப்படியும் ராஜகோபாலன் மாதிரி மேடையில இருந்து திரும்பி வந்துடுவான். இல்லாதவனுக்கு நம்ம கோபமும் சேர்ந்து ஒரு முடிச்சு.

கோயம்புத்தூர் பக்கம் போனா, சின்னியம்பாளையத்துல இறங்கி அந்த நாலு பேர் கதையைக் கேளுங்க. அவங்க பேரைச் சொல்ல இன்னும் அங்க ஆள் இருக்கு.